பூவரச மரத்தடியில் இரண்டு பேருக்கு இடம்

செல்லம்மாளுக்கு இருந்தது ஒரே ஆசை. செத்த பிறகு பங்களா காலேஜ் கல்லறைத் தோட்டத்தில், மூலையில் நிற்கும் பூவரச மரத்தடியில், புருஷன் சின்னப்பையனுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். கம்மல் கேட்கவில்லை, மாடி வீடு கேட்கவில்லை. ஆளுக்கு ஆறடி மண் கேட்டாள். அதுவும் கல்யாணமான புதிதிலிருந்து அவளே பெருக்கிக்கொண்டிருக்கிற மண். இது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பங்களா காலேஜ் என்பது ஊர் வைத்த பெயர். வாசல் வளைவில் 'கிருபாசனம் மகளிர் கலைக் கல்லூரி' என்றுதான் எழுதியிருக்கும். ஒரகடத்திலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே, ஓட்டுக்கூரையும் மாமரமுமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். கம்பெனிகள் எல்லாம் நேற்று வந்தவை. அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா மாட்டு வண்டியில் வந்து இறங்கி, இங்கே ஓலைக் கொட்டகை போட்டுப் பிரசவம் பார்த்தார். பிள்ளை பெற வந்த பெண்கள் கைநாட்டு வைப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், படுக்கையில் கிடந்தவர்களுக்கே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். கொட்டகை பங்களாவானது, பங்களா பள்ளிக்கூடமானது. டாக்டரம்மா கல்லறைத் தோட்டத்தின் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து வெகு காலம் கழித்து, சபைக்காரர்கள் அதைக் கல்லூரி ஆக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பட்டதாரி வர வேண்டும் என்பது கல்லூரியின் குறிக்கோள். ஆபீஸ் சுவரில் பெரிய எழுத்தில் இன்றைக்கும் இருக்கிறது. என்ன சாதி, என்ன சாமி என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. உயிரோடு இருக்கிறவர்களைக் கேட்கிற வழக்கம் கிடையாது என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

செல்லம்மாளும் சின்னப்பையனும் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்காரர்கள். கல்லூரிக் கட்டடம் எழும்பியபோது மண் வெட்டவும் செங்கல் சுமக்கவும் வந்தவர்கள். கட்டடம் முடிந்து மேஸ்திரி போனார், கொத்தனார்கள் போனார்கள், இவர்கள் இரண்டு பேர் மட்டும் போகவில்லை. செல்லம்மாள் வகுப்பறைகளையும் கல்லறைத் தோட்டத்தையும் கோயிலையும் பெருக்கினாள். கோயில் என்றால் வளாகத்துக்குள் இருக்கிற சின்ன தேவாலயம். அந்தச் சபையில் அதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள், போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப்பையன் தோட்டம் பார்த்துக்கொண்டார், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார், கோயில் மணி அடித்தார்.

மணி அடிப்பதில் இரண்டு விதம். காலை ஜெபத்துக்குக் கயிற்றைச் சுண்டிச் சுண்டித் துள்ளலாக அடிப்பார். சபை மெம்பர் யாராவது இறந்துவிட்டால், ஒரு அடி அடித்து, அந்தச் சத்தம் முழுக்க அடங்கும் வரை காத்திருந்து அடுத்த அடி அடிப்பார். அது கேட்டதும் ரோட்டில் கம்பெனி பஸ்சுக்கு நிற்கிறவர்கள்கூட, "யாரோ பூட்டாங்கபா" என்று காதிலிருந்து போனை எடுப்பார்கள்.

கணக்கு டீச்சர் ஒருவர் காலமானபோது சின்னப்பையன் குழி வெட்டிக்கொண்டிருந்தார். செல்லம்மாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். குழிக்குள் நின்றபடியே அவர் மண்வெட்டிக் காம்பால் பூவரச மரத்தடியைக் காட்டினார்.

"தோ பார் மே. அந்த மூலை நமக்கு. வேர் ஓடுன மண்ணு, எவனும் கேக்க மாட்டான். நான் சொவுத்துப் பக்கம், நீ இந்தாண்ட."

"செத்தும் நல்ல எடமா நீ புடிச்சிக்கிறியா?"

"அட, சொவுத்துக்கு அந்தாண்ட கம்பெனி ஜெனரேட்டர் ஓடும் மே. உனக்குத்தான் சத்தம் ஆவாதே. அதான் நான் அங்க."

செல்லம்மாள் சிரித்துவிட்டு, "மொதல்ல கஞ்சியக் குடி" என்று தூக்குவாளியை நீட்டினாள். அன்றிலிருந்து அந்த மூலைச் சருகைத் தனியாகக் கூட்டி, கொஞ்சம் தண்ணீரும் தெளித்துவிட்டு வருவாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமானால் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். இவர்கள் எடுக்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் இல்லை. செல்லம்மாளுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்; பாட்டு வாத்தியார் சுருதி தப்பினால்கூட அவள் தப்ப மாட்டாள். சின்னப்பையன் ஜெபம் முடியாமல் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார். எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் அவர்கள் பெண் சத்யப்பிரியா. நம் நாட்டில் சாமியை மாற்றிக்கொண்டால் சாதிச் சான்றிதழ் மாறிவிடும். ஊருக்குள் சாதி மட்டும் அப்படியே இருக்கும். சர்க்கார் வேலைக்குப் போகும்போது எஸ்.சி. என்று இருந்தது பி.சி. ஆகிவிடும், கிடைக்கிற வாய்ப்பு கைநழுவிப் போகும். பக்கத்து ஊரில் ஒரு பையனுக்கு வேலை வந்த பிறகு விசாரிக்க வந்தவர்கள், வீட்டுச் சுவரில் சிலுவையைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள் என்று ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ தெரியாது. செல்லம்மாள் அதைக் கேட்ட அன்றே, கல்லூரியில் புது வருஷத்துக்குக் கொடுத்த இயேசு படம் போட்ட காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினாள். சுவரில் ஒரு முருகன் படம் ஏறியது. அதற்குப் பிறகு சின்னப்பையன் ஜெபம் பண்ணும்போது பீரோவைத் திறந்து வைத்துக்கொள்வார். முடித்ததும் முருகன் பக்கம் திரும்பி, "கோச்சிக்காத நைனா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஐயர் கேட்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த தேவபிச்சை ஐயர், நல்ல மனுஷன். "என்ன சின்னப்பையன், இந்த வருசமாவது வைச்சுக்கிடுவோமா?" என்பார். பதில் செல்லம்மாளிடமிருந்துதான் வரும். "பொண்ணு காலேஜ் முடிக்கட்டும் ஐயிரே." அடுத்த தடவை, "பரீச்ச எழுதிக்கினு கீறா ஐயிரே." அதற்கடுத்த தடவை, "ஒரு வேல வந்துட்டா போதும், அடுத்த ஞாயித்துக்கெயமயே ரெண்டு பேரும் வந்து நிக்கறோம்." சின்னப்பையன் பின்னால் நின்று கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு உள்ளூர ஏக்கம். ஒருமுறை, "நான் மட்டுமாச்சும் எடுத்துக்கறேனே" என்று கேட்டும் பார்த்தார். "அப்பங்காரன் கிறிஸ்டினுன்னா பொண்ணு மட்டும் இன்னாவாம்?" என்று செல்லம்மாள் வாயை அடைத்துவிட்டாள். பேராசை என்று சொல்லிவிட வேண்டாம். தன் மகள் துடைப்பம் பிடிக்கக் கூடாது, கம்பெனி லைனில் நின்று கால் வீங்கக் கூடாது என்று ஒரு தாய் நினைத்தாள்.

சத்யப்பிரியா பங்களா காலேஜிலேயே படித்தாள். அந்தக் கல்லூரியில் பட்டமளிப்பு அன்று பெண்கள் தனியாக வர மாட்டார்கள். எழுத்து தெரியாத அப்பா அம்மா முன்னால் நடக்க, பெண் பின்னால் வருவாள். டாக்டரம்மாவின் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வருகிற பழக்கம். செல்லம்மாளும் சின்னப்பையனும் புதுத் துணி உடுத்தி, தாங்களே பெருக்கிய நடையில் தலை குனிந்து நடந்தார்கள். பிரின்சிபால் மெர்சி அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். அன்று சின்னப்பையன் மணி அடித்த அடியில் கயிறு அறுந்தது என்று வளாகத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதன் பிறகு சிரிப்புக்கு இடமில்லை. சின்னப்பையனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கடைசியில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். முகம் ஊதி, கண் இடுங்கி, கட்டிலில் சாய்ந்து கிடந்தார். அந்தச் சமயத்தில்தான் சத்யப்பிரியா எழுதிய சர்க்கார் பரீட்சையில் பாஸாகி, வியாழக்கிழமை மெட்ராஸில் கவுன்சிலிங்குக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. சான்றிதழ்களை எல்லாம் பார்த்து அன்றே வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அன்று வராதவர்களுக்கு இன்னொரு நாள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்லம்மாள் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது சின்னப்பையன் கேட்டார்.

"ஐயர கூப்புடு மே. வூட்லயே வந்து தெளிச்சிட்டுப் போவட்டும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்ப இன்னாத்துக்கு? வியாயக்கெயம புள்ளைக்கு சர்டிபிகேட் பாக்கறாங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சி எவனாவது எழுதிப் போட்டா? அது முடியட்டும்யா. வெள்ளிக்கெயம நானே போய் கையப் புடிச்சி இட்டாறேன்."

அவர் பீரோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரி மே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் பிற்பாடு தாங்கியிருப்பாள். அவர் எப்போதும் சொல்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

புதன்கிழமை விடிந்ததும் அவர் போய்விட்டார்.

செல்லம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக்கூடத் துடைக்காமல் கல்லூரிக்கு ஓடினாள். ஐயர் கோயில் வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்குச் சேதி வந்திருந்தது.

"மணி அடிங்க ஐயிரே."

ஐயர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மணிக்கூண்டைப் பார்த்தார். "அடிக்கணும்னுதாம்மா எனக்கும் இருக்கு. மெம்பர் இல்லையே. கமிட்டியைக் கேக்காம நான் கயித்தைத் தொட முடியாது."

"எடமாவது குடுப்பீங்களா? அந்த மூலைதான். வேர் ஓடுன எடம்."

"கேக்கேன். கண்டிப்பா கேக்கேன்."

சபைக் கமிட்டியின் செக்ரட்டரி வசந்தகுமார் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொழுது சாயும் நேரத்தில்தான் வருவார். காலனி வழக்கப்படி அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். மேளம் வந்துவிட்டது, பூ வந்துவிட்டது. சின்னப்பையனின் தம்பி எல்லப்பன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான்.

"இன்னாத்துக்கு அண்ணி காத்துக்கினு கீறோம்? ஏரிக்கரையில நம்ம ஆளுங்க அத்தினி பேரும் அங்கதான் கீறாங்க. அவங்க கிட்ட போய் இன்னாத்துக்குக் கெஞ்சினு?"

"இரு எல்லப்பா. வந்துருவாங்க. அவரு கேட்ட எடம் அது."

செக்ரட்டரி வந்தார். கல்லூரியின் பழைய பங்களாவில் விளக்கு எரிந்தது, கமிட்டிக்காரர்கள் பேசினார்கள், காலையில் சொல்கிறோம் என்றார்கள். செல்லம்மாள் ஐஸ் பெட்டி கொண்டுவரச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் மகளைப் பார்த்து, "நீ கெளம்பு பாப்பா. இங்க நாங்க பாத்துக்கறோம். உங்கப்பா இதுக்குத்தான் அத்தினி நாளும் பல்லக் கடிச்சினு இருந்தாரு" என்றாள். சத்யப்பிரியா ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "அப்பாவ பெட்டில வெச்சிக்கினு நான் போய் வேல வாங்கணுமா மா?" என்றாள். அதற்கு மேல் யாராலும் அவளை எழுப்ப முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலமே ஏரிக்கரைக்குக் கொண்டுபோயிருந்தால், கண் வீங்கிய முகத்தோடாவது அவள் பஸ் ஏறியிருப்பாள். இதையும் செல்லம்மாள்தான் தன் தலையில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் இடம் கிடையாது என்று சேதி வந்தது. பங்களாவில் நடந்ததை மெர்சி அம்மா பிற்பாடு அழுதுகொண்டே சொன்னார். "ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாராம் வசந்தகுமார். "அந்தத் தோட்டத்துல இருக்கிற குழியெல்லாம் வெட்டுனவர் சார் அவர்" என்றிருக்கிறார் மெர்சி அம்மா. "அதுக்குச் சம்பளம் வாங்கினாரே மேடம்" என்று பதில் வந்ததாம். வசந்தகுமார் கெட்டவர் இல்லை. இளகிய மனசுக்காரர், பஞ்சம் வெள்ளம் என்றால் முதல் ஆளாக அரிசி மூட்டை தூக்குவார். நல்லவர்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து அதற்குக் கமிட்டி என்று பேர் வைத்துவிட்டால் இப்படி ஆகிவிடுகிறது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏரிக்கரையில்தான் புதைத்தார்கள். எல்லப்பன் குறை வைக்கவில்லை. மேளம், வெடி, பூப்பல்லக்கு எல்லாம் இருந்தது. மெர்சி அம்மா கல்லூரிக்கு விடுமுறை விட்டு, பெண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். தேவபிச்சை ஐயர் அங்கி போடாமல், வெறும் சட்டையோடு, கரைமேல் தள்ளி நின்றிருந்தார். மண் தள்ளும்போது செல்லம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கல்லூரிப் பக்கம் காது கொடுத்தாள். ஊரில் யார் யாருக்கோ அடித்த கை அது. அதற்கு ஒரு அடி கேட்காதா என்று பார்த்தாள். கம்பெனியில் ஷிப்ட் மாறுகிற சங்குதான் ஊதியது.

சர்க்கார் வேலை போயே போய்விட்டது. சத்யப்பிரியா சும்மா இருக்கப் பிடிக்காமல் செல்போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே அப்பா யார், சாமி எது என்று ஒருவரும் கேட்கவில்லை. கண் பார்வை சரியாக இருக்கிறதா, நாள் முழுக்க நிற்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள். காலேஜ் வாசலிலேயே கம்பெனி பஸ் நிற்கிறது. படிக்க வர வேண்டிய பெண்கள் பாதிப்பேர் இப்போது அந்த பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். கல்லூரியில் ஒரு பக்கத்து வகுப்பறைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதல் மாசச் சம்பளம் வாங்கிய அன்று சத்யப்பிரியா பீரோவைத் திறந்து, காலண்டரைக் கிழியாமல் உரித்து எடுத்து, முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினாள். "இனிமே யாருக்கு மா ஒளிக்கணும்?" என்றாள். செல்லம்மாள் கொல்லைப்பக்கம் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பெருக்குகிற வேலையை மட்டும் அவள் விடவில்லை. லாரி ஓடுகிற ரோடு. ஒரு நாள் விட்டால் கோயிலுக்குள் விரல் கனத்துக்குப் புழுதி. பூவரச மரத்தடிக்குத்தான் அதற்குப் பிறகு போகவில்லை. அங்கே சருகு குவிந்து கிடந்தது.

வருஷம் திரும்பியது. தேவபிச்சை ஐயருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கோயிலுக்குள் வந்து, பெருக்கிக்கொண்டிருந்த செல்லம்மாளைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. துடைப்பத்தோடு நின்றாள்.

"அம்மா, போறதுக்கு முன்னால உங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போகணும்னு ஆசைப்படுதேன். இப்ப தடை ஒண்ணும் இல்லையே. கமிட்டில பேசிட்டேன். அந்தப் பூவரச மரத்தடியே உங்களுக்குன்னு ஒதுக்கித் தாரோம்னு வசந்தகுமார் சாரே வாயால சொல்லிட்டார்."

செல்லம்மாள் எத்தனையோ வருஷமாகக் கேட்க ஏங்கின வார்த்தை. இந்த வார்த்தையை இந்த இடத்தில் கேட்கிறபோது பக்கத்தில் ஒரு ஆள் நின்று கால் விரலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அவர இங்க இட்டாந்துடலாமா ஐயிரே?"

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் கிடையாதும்மா. அதைக் கமிட்டியும் ஒத்துக்காது, நானும் செய்ய முடியாது."

"அப்ப எனக்கும் வேணாம்."

"அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. உங்க விசுவாசம் எனக்குத் தெரியாதா?"

"அது அப்பிடியேதான் கீது ஐயிரே. எங்கயும் போவல." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சாவக் கெடந்த மனுசன் கேட்டாரு. வெள்ளிக்கெயம ஆவட்டும்னு நான்தான் சொன்னேன். அவர வெளிய நிக்க வெச்சது கமிட்டி இல்ல, நானு. இப்ப அவர ஏரிக்கரையில வுட்டுட்டு நான் மட்டும் உள்ள வந்து படுத்துக்கவா? சொவுத்துப் பக்கம் நான் படுத்துக்கறேன், ஜெனரேட்டர் சத்தம் உனக்கு ஆவாதுன்னாரு. அவரு இல்லாத அந்த எடத்துல எனக்கு இன்னா வேல? ஏரிக்கரை இன்னா தூரமா? சாமிக்கு நடக்கத் தெரியாதா?"

ஐயர் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு செய்ங்க ஐயிரே. நான் பூட்டேன்னு சேதி வந்தா மணி அடிக்கச் சொல்லிட்டுப் போங்க. ஒருவாட்டி அடிச்சா போதும். ரெண்டு பேருக்கும் சேத்து."

மணிக்கூண்டிலிருந்து கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஐயர் அதைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கமிட்டில கேட்டுச் சொல்லுதேம்மா" என்றார்.

செல்லம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.